மாத்திரைப் பெயருக்கு முன்னால் ஒரு ஒட்டு



பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இப்போதும் பாதியில் லைக் போட்டுவிட்டு ஓடிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வீட்டில் பி.பி. மாத்திரையோ அலர்ஜி மாத்திரையோ தைராய்டு மாத்திரையோ சாப்பிடுகிறவர் ஒருவராவது இருந்தால், இந்த ஒரு தடவை கடைசிவரை படியுங்கள்.

முதலில் ஒரு வேலை தருகிறேன். வீட்டில் கிடக்கும் மாத்திரை அட்டைகளை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கும், மருந்தின் சொந்தப் பெயர் ஒன்று இருக்கும். சொந்தப் பெயரைப் பாருங்கள். லெவோசெட்ரிசின், லெவோதைராக்சின், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், எஸ்சிட்டலோப்ரம், எஸ்-அம்லோடிபின். முன்னால் 'லெவோ', 'டெக்ஸ்ட்ரோ', 'எஸ்' என்று ஒரு ஒட்டு இருக்கிறதல்லவா? அது அலங்காரத்துக்கு வைத்ததில்லை. அந்த ஒட்டைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

டீச்சருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி.யும் இரண்டு வருஷ ஆசிரியர் பயிற்சியும். சுண்ணாம்பு நீருக்குள் ஊதினால் பால்போல் மாறும் என்பதுதான் நான் உங்களுக்கு நடத்திய வேதியியலின் எல்லை. இப்போது நடந்ததே வேறு.

என் அக்காவின் மகள்வழிப் பேத்தி பி.பார்ம் இரண்டாம் வருஷம். டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டவள். நீட்டில் மதிப்பெண் போதாமல் பார்மஸிக்கு வந்தாள். "மெடிக்கல்ல நின்னு மாத்திரைய வெட்டிக் கொடுக்கதுக்கா நாலு வருஷம் ஆச்சி?" என்று சேர்ந்த நாளிலிருந்து புலம்பல். நாலாவது செமஸ்டரில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி மூன்றாம் பாகமும் மெடிசினல் கெமிஸ்ட்ரியும் சேர்ந்து வந்தன. ஒன்றில் ஹெட்டிரோசைக்கிளும் ஸ்டீரியோகெமிஸ்ட்ரியும். இன்னொன்றில் அதே சங்கதிகள் மருந்தாக வந்து நிற்கும். புலம்பல் அழுகையாகிவிட்டது. படிக்க விடுமுறை விட்டதும் அக்கா வீட்டுக்கு வந்தவள், "எனக்கு மண்டையில ஏறமாட்டேங்கு. இத விட்டுட்டு பி.ஏ. எதுலயாவது சேந்துக்கிடுதேன்" என்றாள்.

அக்கா வீடு எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி. புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். எனக்கு ஒரு வரி புரியவில்லை. ஆனால் முப்பத்து நாலு வருஷம் வகுப்பறையில் நின்றவளுக்கு ஒரு விஷயம் தெரியும்: மண்டையில் ஏறாததை ஏற்ற ஒரே வழி, அதை இன்னொருவருக்கு நடத்துவது. "நீ டீச்சர், நான் ஆறாம் வகுப்புப் பிள்ளை. எனக்கு நடத்து" என்றேன். மூன்று வாரம் நடத்தினாள்.

முதலில் வளையம். கார்பன் அணுக்கள் கைகோத்து வட்டமாக நின்றால் வளையம். அந்த வட்டத்தில் ஒரு கார்பன் விலகி, அது நின்ற இடத்தில் நைட்ரஜனோ ஆக்சிஜனோ கந்தகமோ நுழைந்தால் அதுதான் ஹெட்டிரோசைக்கிள். பள்ளிப் புத்தகத் தமிழில் பல்லின வளையம். பிர்ரோல், பியூரான், தயோஃபீன், பைரிடின், இமிடசோல், குயினோலின் என்று நோட்டில் ஒரு பக்கம் பெயர் எழுதி, திருப்பித் திருப்பி மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். "பேர மனப்பாடம் பண்ணாத. ஒவ்வொண்ணும் எந்த ஊர்க்காரன்னு கேளு" என்றேன்.

கேட்டால் பாதிப்பேர் நம் அடுப்படியில் இருக்கிறார்கள்! மிளகின் காரம் பைப்பரின் என்ற பொருளால் வருகிறது. அதை 1819-இல் தனியாகப் பிரித்தவர் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட். மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசி திரும்பும் என்று எட்டாம் வகுப்பில் காட்டினேனே, அதே ஓர்ஸ்டெட்தான். பைப்பரினை உடைத்தால் பைப்பரிடின் கிடைக்கும்: ஐந்து கார்பன், ஒரு நைட்ரஜன், ஆறு பேர் வளையம். லத்தீனில் மிளகுக்குப் 'பைப்பர்' என்று பெயர். அந்தச் சொல்லும் இங்கிருந்து போன 'பிப்பலி'தான், நம் திப்பலி. வயிற்றுப்போக்குக்குப் போடும் லோபெரமைடு மாத்திரைக்குள் இந்தப் பைப்பரிடின் இருக்கிறது. இன்னொரு கார்பனையும் எடுத்துவிட்டு எதிர்ப்பக்கத்தில் இரண்டாவது நைட்ரஜனை வைத்தால் பைப்பரசின். என் வயதுக்காரர்கள் சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த பூச்சி மருந்து அதுதான். இன்றைக்குத் தும்மலுக்குப் போடும் செட்ரிசினுக்குள்ளும் அதே வளையம். நான் ஓய்வு பெறுவதற்கு முன்னால் குடற்புழு நீக்க நாளில் உங்களை வரிசையில் நிறுத்திச் சப்பச் சொன்ன 400 மி.கி. அல்பெண்டசோல், பென்சிமிடசோல் குடும்பம். நெஞ்செரிச்சலுக்கு ஊரே சாப்பிடுகிற ஒமெப்ரசோலும் பேண்டப்ரசோலும் அதே குடும்பத்தில் பெண் எடுத்தவைதான்.

ஏன் மருந்தில் திரும்பத் திரும்ப இந்த வளையங்களே வருகின்றன என்று கேட்டேன். அழகாகச் சொன்னாள். பைரிடின் மாதிரி வளையங்களில் நைட்ரஜனிடம் யாரோடும் பங்கு போடாத ஒரு ஜோடி எலக்ட்ரான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது ஒரு கொக்கி. உடம்பில் உள்ள புரதத்தில் போய் மாட்டிக்கொள்ள அது உதவும். தண்ணீரில் கரையவும் உதவும். அதோடு நம் டி.என்.ஏ.வின் எழுத்துகள் நாலும் பல்லின வளையங்கள்தானாம். வந்த விருந்தாளி நம் சாதிசனம் மாதிரி இருந்தால் உடம்பு கதவைத் திறக்கிறது, அவ்வளவுதான்.

வளையம் இரண்டு நாளில் முடிந்துவிட்டது. ஸ்டீரியோகெமிஸ்ட்ரிதான் இழுத்தது. தாளில் தட்டையாக வரைந்ததைப் பார்த்து, அது அறைக்குள் எப்படி நிற்கும் என்று மனதில் நிறுத்த வேண்டும். அவளுக்கு அது வரவில்லை. சப்பாத்தி மாவைப் பிசைந்து உருண்டை பிடிக்கச் சொன்னேன். நடுவில் வெள்ளை உருண்டை, அதுதான் கார்பன். நாலு ஈர்க்குக் குச்சியை நாலு திசையில் குத்தி, நுனியில் மஞ்சள் தடவியது ஒன்று, பீட்ரூட் சாறு தடவியது ஒன்று, கறிவேப்பிலை அரைத்துத் தடவியது ஒன்று, கடைசியாக ஒரு சின்ன வெற்று உருண்டை. நாலும் நாலு நிறம். இப்போது அதைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்து, கண்ணாடியில் தெரிவதைப்போல இன்னொன்று செய்யச் சொன்னேன். இரண்டையும் எப்படித் திருப்பினாலும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது. வலது கால் செருப்பும் இடது கால் செருப்பும் மாதிரி. நாலில் இரண்டு உருண்டை ஒரே நிறமானால் உடனே பொருந்திவிடும். இந்த 'நாலும் வேறுவேறு' என்பதுதான் அந்தப் பாடத்தின் உயிர்.

ஆர், எஸ் என்று பெயர் வைக்கும் விதியில்தான் அடுத்த குழப்பம். நாலு குழுவுக்கும் அணு எண் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வரிசை கொடுக்க வேண்டும். நாலாவதைக் கார் ஸ்டீயரிங்கின் தண்டு மாதிரி நமக்கு அந்தப் பக்கமாக வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து மூன்றுக்குப் போகும் வழி கடிகார முள் சுற்றுகிற திசையானால் ஆர், எதிர்த்திசையானால் எஸ். இதை மூன்று செமஸ்டராக மனப்பாடமாகச் சொல்கிறாள். ஆனால், "எதுக்கு நாலாவது அந்தப் பக்கம் போணும்? இந்தப் பக்கம் வச்சா என்ன?" என்று நான் கேட்டதும் நின்றுவிட்டாள்.

பூஜை அறையிலிருந்து சங்கை எடுத்து வந்தேன். நாம் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். சங்கு குளிக்கிற வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்னிடம் படித்தீர்கள்! சாதாரணச் சங்கை நாம் இடம்புரி என்போம். அபூர்வமாகக் கிடைத்து லட்சக்கணக்கில் விலை போவது வலம்புரி. விலங்கியல்காரர்களைக் கேளுங்கள், நேர்மாறாகச் சொல்வார்கள்: சாதாரணச் சங்குதான் வலச்சுருள், நம் வலம்புரி இடச்சுருள். யார் சொல்வது சரி? இரண்டும் சரி. அவர்கள் கூம்பு நுனியை மேலே வைத்து வாயைப் பார்க்கிறார்கள், நாம் வால் பக்கத்தை மேலே வைத்துப் பார்க்கிறோம். சங்கு மாறவில்லை. பார்க்கிற விதம் மாறினால் பெயர் மாறுகிறது. அதனால்தான் எல்லோரும் ஒரே பக்கத்திலிருந்து பார்ப்போம் என்று கான், இன்கோல்ட், பிரீலாக் என்ற மூவர் ஒரு விதி போட்டார்கள். சங்கைக் கண்ணாடி முன் வைத்தேன். கண்ணாடிக்குள் தெரிந்தது வலம்புரி! லட்ச ரூபாய்ச் சங்கை ஓசியில் பார்த்துவிட்டோம் என்று இருவரும் சிரித்தோம். அதற்கப்புறம் ஆர்-எஸ்ஸில் அவள் தடுமாறவில்லை.

'லெவோ' என்பது இந்த எஸ் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கரைசல் வழியாக ஒளியை அனுப்பினால் அது எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதைச் சொல்வது லெவோ, டெக்ஸ்ட்ரோ. வடிவத்தைச் சொல்வது ஆர், எஸ். லெவோசெட்ரிசின் ஒளியை இடப்பக்கம் சுழற்றும், ஆனால் வடிவத்தில் அது ஆர். பரீட்சையில் இங்கேதான் எல்லோரும் விழுவார்களாம்.

இந்தக் கைவாகு விஷயத்தை முதலில் கண்டது 1848-இல் லூயி பாஸ்டர், அப்போது அவருக்கு வயது 25. திராட்சை ரசப் பீப்பாயில் படிகிற டார்டாரிக் அமிலத்தின் ஒரு உப்பைப் படிகமாக்கி, லென்ஸில் பார்த்து, இடக்கைப் படிகம் வலக்கைப் படிகம் என்று இடுக்கியால் பொறுக்கித் தனித்தனியாகப் பிரித்தார். அரிசியில் கல் பொறுக்குகிற வேலை! அந்த உப்பு சுமார் 28 டிகிரிக்கு மேல் இப்படித் தனித்தனியாகப் பிரியாது. நம் ஊர் வெயிலில் செய்திருந்தால் அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. அந்த டார்டாரிக் அமிலம் வேறெங்கும் இல்லை, நம் புளியில்தான் ஏராளமாக இருக்கிறது. புளியமரம் அதில் ஒரு கையை மட்டுமே செய்கிறது. இன்னொரு கையைச் செய்ய அதற்குத் தெரியாது.

நம் உடம்பும் அப்படித்தான், ஒரு கைக்காரர். மூக்கே சாட்சி. புதினா வாசனைக்குக் காரணமான கார்வோனும், சதகுப்பை வாசனைக்குக் காரணமான கார்வோனும் ஒரே மூலக்கூறின் இரண்டு கைகள். அணு எண்ணிக்கை, பிணைப்பு எல்லாம் ஒன்றே. ஆனால் ஒன்று சட்னி, இன்னொன்று கிரைப் வாட்டர்! மூக்கு இப்படிப் பிரித்துப் பார்க்கும் என்றால் இதயமும் ரத்தக்குழாயும் பார்க்காதா?

இருமல் மருந்தில் வரும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனின் கண்ணாடி பிம்பம் அபின் வகையைச் சேர்ந்த, கட்டுப்பாட்டில் வைக்கப்பட்ட போதைப் பொருள். தைராக்சினின் மறுகையைக் கொழுப்பைக் குறைக்கக் கொடுத்துப் பார்த்து, இதயத்துக்குக் கெடுதல் என்று நிறுத்தினார்கள். பாக்டீரியா தன் சுவரைக் கட்ட, நம் புரதங்களில் இல்லாத டி-அலனின் என்ற மறுகை அமினோ அமிலத்தைப் பயன்படுத்துகிறது. பெனிசிலின் அந்தச் செங்கல் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு போய்க் கொத்தனாரின் கையில் ஒட்டிக்கொள்கிறது. அதன் நாலு பேர் வளையம் வளைத்துக் கட்டிய வில் மாதிரி. தொட்டதும் பட்டென்று திறந்து ஒட்டிவிடும். அந்த வளையம் உண்மைதான் என்று 1945-இல் எக்ஸ்ரே மூலம் காட்டியவர் டொரோதி ஹாட்ஜ்கின். பேத்தியின் நோட்டில் அந்த அம்மாவின் பெயரைப் பெரிதாக எழுதச் சொன்னேன்.

இனி அக்கா விஷயத்துக்கு வருகிறேன்.

அக்காவுக்கு எழுபத்து மூன்று வயது. அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிட்டுக் கால் வீங்குகிறது என்று டாக்டர் எஸ்-அம்லோடிபின் 2.5 மி.கி. என்று மாற்றி எழுதினார். பி.பி. 130-க்கு 80 என்று ஒழுங்காக நின்றது. போன மாதம் வழக்கமான கடை பூட்டியிருந்ததால் வேறொரு கடையில் வாங்கிவந்திருக்கிறாள். கடைப் பெயர் இங்கே வேண்டாம். பதினைந்து இருபது நாளில் தலைசுற்றல், பின்மண்டை வலி. பார்த்தால் 168-க்கு 100. உப்பைக் குறை, ஊறுகாயை விடு என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். பேத்தி மட்டும் மாத்திரை டப்பாவைத் திறந்து அட்டையை எடுத்துப் பார்த்தாள். பழைய அட்டையைக் குப்பையிலிருந்து தேடி எடுத்து வந்து இரண்டையும் என் மடியில் வைத்தாள்.

பழையது எஸ்-அம்லோடிபின் 2.5. புதியது அம்லோடிபின் 2.5. முன்னால் இருந்த எஸ் இல்லை.

நோட்டை எடுத்து வரைந்தாள். அம்லோடிபின் ஒரு டைஹைட்ரோபைரிடின்: ஆறு பேர் வளையம், ஒரு நைட்ரஜன். நைட்ரஜனுக்கு நேர் எதிரே நிற்கும் கார்பனைப் பாருங்கள். அதே குடும்பத்தில் மூத்ததான நிஃபெடிபினில் அந்தக் கார்பனுக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரே மாதிரி. அதனால் அதற்குக் கைவாகு கிடையாது. அம்லோடிபினில் இரண்டு பக்கமும் வேறு. நாலு குழுவும் வேறாகிவிட்டது. எனவே ஆர், எஸ் என்று இரண்டு கை. தொழிற்சாலையில் இரண்டும் பாதிப் பாதியாகக் கலந்தே வரும். ரத்தக்குழாயைத் தளர்த்துகிற வேலையைச் செய்வது எஸ். ஆர் சும்மா கூட வருகிற ஆள். ஆக, எஸ்-அம்லோடிபின் 2.5 மி.கி.யும் சாதாரண அம்லோடிபின் 5 மி.கி.யும் சமம். சாதாரண அம்லோடிபின் 2.5-இல் வேலை செய்கிற எஸ் எவ்வளவு? 1.25. அக்கா அத்தனை நாளும் பாதி மருந்து சாப்பிட்டிருக்கிறாள். ஆறாம் வகுப்புப் பின்னக் கணக்கு.

பேத்தியும் அவள் அம்மாவும் அன்றே டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். அவர் இரண்டு அட்டையையும் பார்த்துவிட்டுப் பழையதையே தொடரச் சொன்னார். அதன்பிறகு பேத்தி தனியாக அந்தக் கடைக்குப் போயிருக்கிறாள். கவுண்டரில் இருந்த பையன், "ரெண்டும் ஒண்ணுதாம்மா, கம்பெனிதான் வேற" என்றானாம். பார்மசிஸ்ட் எங்கே என்று கேட்டிருக்கிறாள். வெளியே போயிருக்கிறார் என்று பதில். பதிவு பெற்ற பார்மசிஸ்ட்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்று 1948-ஆம் வருஷச் சட்டமே இருக்கிறது. இவள் சண்டை போடவில்லை. அவனிடம் ஒரு தாள் வாங்கி அதே படத்தை வரைந்து காட்டிவிட்டு வந்தாளாம். எனக்கு அது பிடித்தது.

மாத்திரை வெட்டிக் கொடுக்க நாலு வருஷமா என்ற கேள்வியை அவள் அப்புறம் கேட்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஒரு கை மருந்து என்றாலே உசத்தி என்றும் நினைத்துவிடாதீர்கள். வலிக்குப் போடும் ஐபுப்ரூஃபனில் வேலை செய்வது எஸ் கை. கூட வரும் ஆர் கையில் பெரும்பகுதியை உடம்பே எஸ்ஸாகத் திருப்பிக்கொள்கிறது, அதனால் கலவையாகவே விற்கிறார்கள். ஒமெப்ரசோலில் கைவாகு கார்பனில் இல்லை, கந்தகத்தில் இருக்கிறது. அதன் இரண்டு கையும் வயிற்றில் அமிலம் சுரக்கும் இடத்துக்குப் போனதும் ஒரே வடிவமாகிவிடும். கல்லீரல் எந்தக் கையை எவ்வளவு வேகமாக அழிக்கிறது என்பதில்தான் வித்தியாசம். பழையதன் காப்புரிமை முடியும் நேரத்தில் ஒரு கையைப் பிரித்து எசோமெப்ரசோல் என்று புதிதாக விற்றார்கள் என்ற விமர்சனம் அதற்கு உண்டு. விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

தாலிடோமைடு கதை சிலருக்குத் தெரிந்திருக்கும். 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாக வந்து, மசக்கை வாந்திக்கும் கொடுக்கப்பட்டு, 1961 கடைசியில் நிறுத்தப்படுவதற்குள் சுமார் 10,000 குழந்தைகள் கைகால் வளராமல் பிறந்தன. அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி, போதிய ஆதாரம் கொண்டுவா என்று கம்பெனியைத் திருப்பித் திருப்பி அனுப்பியதால் அங்கே விற்பனைக்கே வரவில்லை. இதை வைத்து, 'ஒரு கை நல்லது, மறு கை கெட்டது. நல்ல கையை மட்டும் கொடுத்திருந்தால் தப்பித்திருக்கலாம்' என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். பேத்தியின் கைடிலும் அப்படித்தான் இருந்தது. அது அரைகுறை. அந்த மூலக்கூறில் கைவாகு உள்ள கார்பனில் ஒரு ஹைட்ரஜன் இருக்கிறது. பக்கத்திலேயே கார்பனில் குழு இருப்பதால் அது சுலபமாகக் கழன்று மாட்டும். கழன்று மாட்டும்போது கை மாறிவிடும். எந்தக் கையைக் கொடுத்தாலும் சில மணி நேரத்தில் உடம்புக்குள் இரண்டும் வந்துவிடும். இதை அவள் விடைத்தாளில் எழுதினாளாம், கைடில் இருந்ததையும் எழுதி, அது ஏன் போதாது என்றும் எழுதினாளாம். திருத்துகிறவர் எப்படி எடுத்துக்கொள்வாரோ. ரிசல்ட் இன்னும் வரவில்லை. அதே தாலிடோமைடை 1998-இல் தொழுநோயில் வரும் ஒரு கடுமையான தோல் பாதிப்புக்கு, கர்ப்பம் தரிக்கக் கூடாது என்ற கடுமையான கட்டுப்பாடுகளோடு, அமெரிக்காவில் அனுமதித்தார்கள். இப்போது ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கும் அது மருந்து.

அட்டையைப் பார்த்துவிட்டு நீங்களாக மாத்திரையை இரட்டிப்பதோ பாதியாக்குவதோ வேண்டாம். டாக்டர் சீட்டில் இருக்கும் பெயரும் அட்டையில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று மட்டும் பாருங்கள். வேறாக இருந்தால் கடையில் பார்மசிஸ்டைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அலர்ஜி மாத்திரையிலும் இதே கணக்குதான்: செட்ரிசின் 10-க்கு லெவோசெட்ரிசின் 5.

நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் ஏழெட்டுப் பேர் மெடிக்கல் வைத்திருக்கிறீர்கள், இரண்டு பேர் பார்மஸிக் கல்லூரியில் பாடம் நடத்துகிறீர்கள் என்று தெரியும். உங்கள் கடைக்கு இப்படி எழுத்து மாறிய அட்டையோடு ஆட்கள் வருகிறார்களா? வந்தால் என்ன சொல்லி அனுப்புகிறீர்கள்? கமெண்டில் எழுதுங்கள். பேத்தி படிக்கக் காத்திருக்கிறாள். வாழ்த்து மட்டும் போடுகிறவர்கள், அக்கா பி.பி. இப்போது 134-க்கு 82 என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.